25 ஆயிரம் பட்ஜெட்ல லேப்டாப்: புதுசு வாங்கறதா, செகண்ட்ஸ் வாங்கறதா?

ஜூன் மாசம் வந்துட்டா போதும், சொந்தக்காரங்க, பழைய ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டு அக்கான்னு வரிசையா போன் வரும். "தம்பி, பாப்பாவுக்கு காலேஜ் கெடச்சிருக்கு, லேப்டாப் வாங்கணும், கையில 25 ஆயிரம் இருக்கு, புதுசு பாக்கலாமா இல்ல செகண்ட்ஸ் போலாமா?" ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் பேசுறத ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டா அனுப்பறதுக்கு வசதியா இருக்கும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாதான் போகும், ஆனா 25 ஆயிரம்ங்கறது நிறைய வீட்டுல ரெண்டு மாச சம்பளம், சில வீட்டுல நகைய அடகு வெச்சு எடுக்கற காசு, அதனால பொறுமையா படிங்க.

கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி காலேஜ் ஆபீஸ்ல ஒரு தடவ விசாரிச்சுடுங்க. 2025 மார்ச்ல தமிழ்நாடு பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு லேப்டாப் இல்லன்னா டேப் குடுக்கறதா அறிவிச்சாங்க. உங்க பிள்ளை பேரு அந்த லிஸ்ட்ல வர்ற மாதிரி இருந்தா அவசரப்பட்டு வட்டிக்கு வாங்கி லேப்டாப் எடுக்க வேண்டாம். இன்னொண்ணு, அரசு முத்திரை போட்ட பழைய இலவச லேப்டாப்ப யாராவது நாலாயிரம் அஞ்சாயிரத்துக்குத் தர்றேன்னு வந்தா தொடாதீங்க, அது ஏதோ ஒரு பிள்ளைக்குப் படிக்கக் குடுத்தது, வாங்கினாலும் இன்னிக்கு வேலைக்கு ஆகாது.

சரி, இப்ப விஷயத்துக்கு வரலாம். 25 ஆயிரத்துக்குப் புதுசா என்ன கெடைக்கும்? பெரும்பாலும் செலரான் இல்லன்னா அத மாதிரி அடிமட்ட சிப், 4ஜிபியோ 8ஜிபியோ ரேம் (ஓடிட்டு இருக்கற வேலைய வெச்சுக்கற மெமரி), சிலதுல எஸ்எஸ்டி (ஃபைல் எல்லாம் இருக்கற வேகமான ஸ்டோரேஜ்), சிலதுல எஸ்எஸ்டி மாதிரியே பேர் சொல்லி விக்கற இஎம்எம்சி. இந்த இஎம்எம்சிங்கறது போன்ல மெமரி கார்ட்ல இருக்கற மாதிரி சாதாரண ஸ்டோரேஜ், மதர்போர்ட்லயே ஒட்டி வந்துடும், கழட்டி வேற போட முடியாது. செலரான் என்4020, என்4500 ரெண்டுமே ரெண்டு கோர், ரெண்டு த்ரெட் மட்டும்தான் (கோர்னா சிப்புக்குள்ள வேலை செய்யற மூளை, த்ரெட்னா அது ஒரே நேரத்துல பாக்கற வேலை வரிசை). வேர்ட் ஃபைல் ஒண்ணு, குரோம்ல நாலு டேப், அதோட ஒரு ஜூம் கால்னு போட்டாலே மூச்சு வாங்கும்.

இத நான் சும்மா சொல்லல. 2021ல ஆன்லைன் கிளாஸ் நடந்த நேரத்துல என் தங்கச்சிக்கு 24 ஆயிரத்துக்குப் புது லேப்டாப் ஒண்ணு எடுத்தோம், 4ஜிபி ரேம், 64ஜிபி இஎம்எம்சி. பாக்க அழகா, லேசா, பளபளன்னு இருந்துச்சு, வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். ஆறே மாசத்துல விண்டோஸ் அப்டேட் போட எடம் இல்லன்னு சொல்ல ஆரம்பிச்சுது, போட்டோ டெலீட் பண்ணா பத்தல, சாப்ட்வேர் எடுத்தா பத்தல, கடைசில அவ அசைன்மென்ட்ட என் பழைய ஆபீஸ் லேப்டாப்ல உக்காந்து முடிச்சா. அந்த ஆபீஸ் லேப்டாப் அதவிட மூணு வருஷம் பழசு. அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது, லேப்டாப்ல தேதி வேற, தரம் வேற. போன வாரம் தயாரிச்சது கூட பொறக்கும்போதே கெழவனா பொறக்கலாம், ஆறு வருஷத்துக்கு முன்னாடி 80 ஆயிரம் ஒரு லட்சம்னு கம்பெனிக்காக செஞ்சது இன்னும் திடமா இருக்கலாம்.

அந்த 80 ஆயிரம் ரூபா லேப்டாப் எப்படி 20 ஆயிரத்துக்கு வருதுன்னு நிறைய பேருக்கு சந்தேகம், திருட்டுப் பொருளோன்னு பயம். பெரும்பாலும் கதை இதுதான்: பெரிய ஐடி கம்பெனி, பேங்க் எல்லாம் லேப்டாப்ப மூணு நாலு வருஷ லீஸ்ல எடுப்பாங்க, இல்லன்னா அத்தன வருஷத்துக்கு அப்பறம் மொத்தமா மாத்துவாங்க. அப்ப பழசு எல்லாம் லாட் லாட்டா ஏலத்துல வெளிய வரும், வெளிநாட்டுல இருந்தும் இந்த மாதிரி லாட் வருது. அத எடுத்து சுத்தம் பண்ணி, பேட்டரி எஸ்எஸ்டி மாத்தி ரிஃபர்பிஷ்ட்னு விக்கறாங்க. சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் போனா, சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல எறங்கி நடந்தே போயிடலாம், இத மட்டுமே விக்கற கடைங்க வரிசையா இருக்கும். மத்த ஊர்லயும் இப்ப இருக்கு, ஆனா நாலு கடை பக்கத்து பக்கத்துல இருக்கற எடம்னா பேரம் பேச வசதி.

இங்க கவனிக்க வேண்டியது, நான் செகண்ட்ஸ்னு சொல்றது கம்பெனிக்குன்னு செஞ்ச பிசினஸ் லேப்டாப்ப மட்டும்தான். லெனோவோல திங்க்பேட், டெல்ல லேட்டிட்யூட், ஹெச்பில எலைட்புக், ப்ரோபுக். வீட்டு உபயோகத்துக்குன்னு 35 ஆயிரத்துக்கு வித்த பிளாஸ்டிக் லேப்டாப் அஞ்சு வருஷம் கழிச்சு செகண்ட்ஸ்ல வந்தா அத வாங்காதீங்க, ஹின்ஜ் (ஸ்க்ரீன் மடங்கற எடம்) பக்கம் உடைஞ்சிருக்கும், கீபோர்டு போயிருக்கும், ஸ்பேர் கெடைக்காது. பிசினஸ் மாடல்ல பெரும்பாலும் ஸ்க்ரூ கழட்டினா ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி, வைஃபை கார்டு எல்லாம் தனித்தனியா மாத்தலாம், அந்த மாடல் லட்சக்கணக்குல வித்துருக்கறதால ஸ்பேரும் சுலபமா கெடைக்கும்.

எவ்ளோ பழசு வரைக்கும் போலாம்னா, அதுக்கு ஒரு கோடு இருக்கு, அந்தக் கோட்டத் தாண்டாதீங்க. இன்டெல் சிப்னா எட்டாவது ஜெனரேஷன், சுருக்கமா ஜென், அதுக்குக் கீழ வேண்டாம். ரெண்டு காரணம். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு, கூடுதலா குடுக்கற செக்யூரிட்டி அப்டேட்டும் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரைக்கும்தான். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமா ஏறணும்னா எட்டாவது ஜென்ல இருந்துதான், விரல் விட்டு எண்ணற மாதிரி ரெண்டு மூணு விதிவிலக்கு தவிர. ஏழாவது ஜென்ல குறுக்கு வழில ஏத்தித் தர்றேன்னு கடைக்காரர் சொல்வாரு, ஏறும், ஓடவும் செய்யும், ஆனா அடுத்த பெரிய அப்டேட்ல என்ன ஆகும்னு அவருக்கும் தெரியாது. ரெண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: அதுக்கு முன்னாடி வந்த லேசான லேப்டாப்ல ஐ5னாலும் ஐ7னாலும் (இன்டெல் சிப்புக்கு வெக்கற ரகப் பேரு) உள்ள இருந்தது ரெண்டே கோர். 2017 கடைசில எட்டாவது ஜென் வந்தப்பதான் அந்த வகை ஐ5, நாலு கோர் எட்டு த்ரெட் ஆச்சு. அது ஒரே தலைமுறைல வந்த பெரிய தாவல், அதனாலதான் அந்த மெஷின்கள் இன்னிக்கும் தாக்குப் பிடிக்குது.

இதுலதான் நம்மாளுங்க நிறைய பேர் ஏமாறறாங்க. கடைல "சார் ஐ7 லேப்டாப், வெறும் 16 ஆயிரம்"னு சொல்லுவாங்க, கேக்கும்போது ஆசையா இருக்கும். ஐ7 எந்த ஜென்னு கேளுங்க. ஐ7-6600யுன்னு இருந்தா அது ஆறாவது ஜென், ரெண்டு கோர். பக்கத்துல இருக்கற ஐ5-8250யு நாலு கோர், அதவிட மேல. ஐ5-, ஐ7-ன்னு போட்ட சின்னக் கோட்டுக்கு அப்பறம் வர்ற மொதல் நம்பர்தான் ஜென்: 8250னா எட்டு, 7200னா ஏழு. 10ன்னோ 11ன்னோ ஆரம்பிச்சா பத்து, பதினொண்ணு. ஸ்டிக்கர நம்பாதீங்க, ஸ்டிக்கர் பத்து ரூபாக்கு விக்குது, மெஷின ஆன் பண்ணி செட்டிங்ஸ்ல சிஸ்டம் போயி கீழ அபவுட்ல பாருங்க, அங்க முழுப் பேரும் இருக்கும்.

இன்டெலுக்குப் போட்டியா சிப் செய்யற ஏஎம்டிலயும் இதே மாதிரி ஒரு குழப்பம் உண்டு, அது புது லேப்டாப் வாங்கறவங்களுக்கு. ரைசன் 3 7320யுன்னு ஒரு சிப், 7000 சீரிஸ்னு போட்டிருக்கும், ரொம்பப் புதுசு போலன்னு நினைப்போம். அந்த நம்பர்ல மூணாவது எண் 2ன்னா உள்ள இருக்கறது ஸென் 2ங்கற பழைய டிசைன், 3ன்னா ஸென் 3 (இது Zen, ஏஎம்டி டிசைனோட பேரு, மேல சொன்ன ஜெனரேஷன் இல்ல). அதாவது 7330யு, 7530யு எல்லாம் 7320யு, 7520யுவ விட நல்ல ரகம், பேரப் பாத்தா பத்து நம்பர் வித்தியாசம்தான் தெரியும். அதுமட்டுமில்ல, 7320யு போட்ட லேப்டாப்ல ரேம் போர்டுலயே ஒட்டிதான் வரும், 8ஜிபின்னா கடைசி வரைக்கும் 8ஜிபிதான்.

இப்ப மாடல் பேரு. 2018ல வந்த திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 5490, 7490, எலைட்புக் 840 ஜி5, இது நாலும் நான் கண்ண மூடிட்டு சொல்ற மாடல்கள், நாலுலயும் ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கு. ஆனா இதே மாடல்லயே சிலது ஏழாவது ஜென் சிப் போட்டும் வந்துருக்கு, அதனால மாடல் பேர மட்டும் பாத்துட்டு காசு குடுத்துடாதீங்க. இன்னும் ரெண்டு மூணாயிரம் சேத்துப் போட முடிஞ்சா 2019, 2020 மாடல் பாருங்க. டி490ல ஒரு ரேம் ஒட்டி வரும், ஒரு ஸ்லாட் காலியா இருக்கும், அது ஒண்ணும் பிரச்சனை இல்ல, ஒட்டி வந்தது 8ஜிபியான்னு மட்டும் பாத்துக்கோங்க. டி480ல எனக்குப் பிடிச்ச விஷயம், பேட்டரி ரெண்டு. உள்ள ஒண்ணு, பின்னாடி கழட்டி மாட்டற மாதிரி ஒண்ணு. வெளிப் பேட்டரி போச்சுன்னா நீங்களே ரெண்டு நிமிஷத்துல மாத்திக்கலாம், பெரிய 72 வாட் ஹவர் பேட்டரியும் அதுக்குப் பொருந்தும், ஹாஸ்டல்ல ப்ளக் பாயின்ட்டுக்கு சண்டை போடற பிள்ளைங்களுக்கு இது வரம்.

காச எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்றேன். 25 ஆயிரம் கையில இருந்தா 25க்கும் மெஷின் தேடாதீங்க. 19, 20 வரைக்கும் மெஷினுக்கு, மிச்சம் அஞ்சாயிரம் பேட்டரிக்கோ ரேமுக்கோ ஒரு நல்ல சார்ஜருக்கோ ஒதுக்கி வெச்சுடுங்க. செகண்ட்ஸ்ல ஏதாவது ஒண்ணு மொதல் வருஷத்துக்குள்ள மாத்த வேண்டி வரும்னு நினைச்சுட்டே வாங்கினா மனசு கஷ்டப்படாது. முன்னாடியெல்லாம் "8ஜிபில வாங்குங்க, அப்பறமா 8 சேத்துக்கலாம்"னு தைரியமா சொல்லுவேன், 2025 கடைசில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிடுச்சு, அதனால இப்ப கடைலயே 16ஜிபி போட்ட மெஷினும் 8ஜிபி மெஷினும் எவ்ளோ வித்தியாசம்னு கேளுங்க, தனியா ரேம் வாங்கற விலையவிட அது கம்மியா இருந்தா அப்பவே 16 எடுத்துடுங்க. இன்ஜினியரிங் பிள்ளை, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, CAD மாதிரி டிராயிங் சாப்ட்வேர் ஓட்டணும்னா 16 கட்டாயம். பி.காம், ஆர்ட்ஸ், டேலி, எக்ஸெல்னா 8 தாராளமா போதும்.

அடுத்தது கடைல செக் பண்றது. ஒரு மணி நேரமாவது ஒதுக்கிட்டுப் போங்க, பகல்ல போங்க, ஒரு பென்டிரைவ், ஒரு இயர்போன், போன்ல நெட் பேலன்ஸ் இருக்கட்டும். நின்னு பாக்க விடாத கடைல வாங்காதீங்க, அவ்ளோதான்.

மொதல்ல ஆஃப் பண்ண நிலைல சும்மா கையில தூக்கிப் பாருங்க. மேசை மேல வெச்சா நாலு மூலையும் ஒட்டி உக்காருதா, ஆடுதா? டச்பேட் மேல எழும்பி இருக்கா, மூடி முழுசா மூடுதா? டச்பேட் எழும்பி இருந்தா உள்ள பேட்டரி வீங்கிருக்குன்னு அர்த்தம், எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க, அது தீப்பிடிக்கக்கூடியது. மூடியத் தெறந்து மூடிப் பாருங்க, ஹின்ஜ் பக்கம் விரிசல் இருக்கான்னு விரல வெச்சு தடவிப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

ஆன் பண்ண ஒடனே விண்டோஸ் போக விடாதீங்க, பயாஸ்குள்ள (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் பக்கம்) போகணும். திங்க்பேட்ல எஃப்1, டெல்ல எஃப்2, ஹெச்பில எஃப்10. அங்க பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா அந்த மெஷின் வேண்டாம். பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் அது, திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் மறந்துட்டா மதர்போர்டையே மாத்தணும்னுதான் லெனோவோவே சொல்லுது. "அது ஒண்ணும் இல்ல சார், ஓடுது பாருங்க"ம்பாங்க, இன்னிக்கு ஓடும், நாளைக்கு பென்டிரைவ்ல விண்டோஸ் போடணும்னா மாட்டிக்குவீங்க. உள்ள போனதும் செக்யூரிட்டி பக்கத்துல கம்ப்யூட்ரேஸ் இல்லன்னா அப்சல்யூட்னு ஒண்ணு இருக்கும், அது ஆக்டிவேட்டடுன்னு காட்டினா பழைய ஓனர் கம்பெனி இன்னும் அந்த மெஷின கண்காணிக்க முடியும், அதையும் விட்டுடுங்க. மொதல் பக்கத்துல சீரியல் நம்பர் இருக்கும், அடில இருக்கற ஸ்டிக்கரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, போன்ல லேப்டாப் தயாரிச்ச கம்பெனியோட வெப்சைட் போயி அந்த நம்பரப் போட்டா எப்ப வித்தது, வாரன்டி மிச்சம் இருக்கான்னு வந்துடும். நிறைய பிசினஸ் லேப்டாப்புக்கு மூணு வருஷ வாரன்டி எடுத்துருப்பாங்க, கொஞ்சம் புது மாடல்னா சில நேரம் அஞ்சாறு மாசம் மிச்சம் கெடைக்கும், கடைக்காரருக்கே தெரிஞ்சிருக்காது.

அப்பறம் பேட்டரி. சர்ச்ல சிஎம்டின்னு போட்டு கமாண்ட் ப்ராம்ப்ட் தெறந்து, பவர், சி, எஃப், ஜி நாலையும் சேத்து ஒரே வார்த்தையா அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஸ்லாஷ் போட்டு ஒட்டினாப்ல பேட்டரிரிப்போர்ட்னு அடிங்க (powercfg /batteryreport). ஒரு ஃபைல் உருவாகும், எந்த ஃபோல்டர்னு அதுவே காட்டும். அதுல டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ரெண்டு நம்பர். 50,000 இருந்தது இப்ப 36,000 ஆயிருந்தா 72 சதவீதம், நல்லாதான் இருக்கு. 60க்குக் கீழ போனா புது பேட்டரி விலையக் கழிச்சுக் கேளுங்க. ஆறு வருஷ மெஷின்ல 100 சதவீதம், சைக்கிள் கவுண்ட் (எத்தன தடவ சார்ஜ் ஆகித் தீர்ந்துருக்குன்னு கணக்கு) பூஜ்யம்னு காட்டினா சந்தோஷப்படாதீங்க, டூப்ளிகேட் பேட்டரி போட்டிருக்க வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்ட நம்பறதவிட சார்ஜர உருவிட்டு, பிரைட்னஸ் ஃபுல்லா வெச்சு, யூடியூப்ல ஒரு 1080பி வீடியோவ 15 நிமிஷம் ஓட்டுங்க. 10 சதவீதத்துக்கு மேல எறங்கினா அந்த பேட்டரி ரெண்டரை மணி நேரம் கூட வராது.

அந்த வீடியோ ஓடற 15 நிமிஷத்துல சும்மா நிக்காதீங்க. ஃபேன் சத்தத்தக் கேளுங்க, கரகரன்னு வந்தா தூசி இல்லன்னா ஃபேன் போகப் போகுது. டாஸ்க் மேனேஜர் தெறந்து பெர்ஃபார்மன்ஸ்ல சிபியு ஸ்பீடு பாருங்க, வேலை குடுக்கும்போது 2, 3 கிகாஹெர்ட்ஸ்னு ஏறணும். என்ன பண்ணாலும் 0.4லயோ 0.8லயோ உக்காந்துட்டு இருந்தா சார்ஜர்லயோ மதர்போர்டுலயோ கோளாறு, வேற ஒரிஜினல் சார்ஜர் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அப்பவும் மாறலன்னா வேற மெஷின் கேளுங்க. டெல்ல சார்ஜர் ஒரிஜினல் இல்லன்னா ஸ்டார்ட் ஆகும்போதே வார்னிங் வரும், பேட்டரியும் ஏறாது, அதனால டெல் எடுக்கறவங்க சார்ஜர் ஒரிஜினலான்னு அங்கயே பாத்துடுங்க. டைப் சி போர்ட் இருந்தா ரெண்டு பக்கமும் திருப்பி மாட்டிப் பாருங்க, லூசா ஆடக்கூடாது. 2017ல இருந்து 2019 வரைக்கும் வந்த சில திங்க்பேட்ல, டி480 உட்பட, டைப் சி போர்ட்ட இயக்கற தண்டர்போல்ட் சிப்போட உள் சாப்ட்வேர்ல (ஃபர்ம்வேர்) ஒரு கோளாறு இருந்து டைப் சி போர்ட் வேலை செய்யாம போறது உண்டு, லெனோவோ அதுக்கு அப்டேட் விட்டுருக்கு. அந்த அப்டேட் போட்ட மெஷினான்னு கேளுங்க, இல்லன்னா வீட்டுக்கு வந்ததும் மொதல் வேலையா போட்டுடுங்க.

ஸ்க்ரீன் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. டி480 மாதிரி நல்ல மாடல்லயே மட்டமான 1366க்கு 768 டிஸ்ப்ளே போட்டு கம்பெனிங்க வாங்கிருப்பாங்க, அதுல கொஞ்சம் சாஞ்சு பாத்தாலே கலர் மாறிடும். மூணு நாலு வருஷம் அதப் பாத்துட்டே படிக்கப் போற பிள்ளையோட கண்ண நெனைங்க, 1920க்கு 1080 ஐபிஎஸ் (சாஞ்சு பாத்தாலும் கலர் மாறாத ஸ்க்ரீன் வகை) கேட்டு வாங்குங்க, ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் பரவாயில்ல. முழு வெள்ளைப் பக்கம் ஒண்ணு, முழு கருப்புப் பக்கம் ஒண்ணு தெறந்து பாருங்க. வெள்ளைல மங்கலா வட்ட வட்டமா தெரிஞ்சா பைல அழுந்தி வந்த தடம், படிக்கறதுக்கு இடைஞ்சல் இல்லன்னா விலை கொறைக்கச் சொல்லி எடுக்கலாம். கோடு விழுந்திருந்தா எடுக்காதீங்க.

நோட்பேட் தெறந்து கீபோர்டுல ஒவ்வொரு கீயா அடிங்க, ஒண்ணக்கூட விடாம. கீ மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா தூக்கிப் பாருங்க, வெளிநாட்டு லாட்ல ஜெர்மன், ஃபிரெஞ்ச் கீபோர்டு வரும், என்டர் கீயோட வடிவமே வேற மாதிரி இருக்கும், ஸ்டிக்கர் நாலு மாசத்துல உரிஞ்சு போயிடும். பென்டிரைவ ஒவ்வொரு போர்ட்லயும் சொருகுங்க, ஹாட்ஸ்பாட் போட்டு வைஃபை பாருங்க, கேமரா, மைக், ஸ்பீக்கர் பாருங்க. எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாப்ட்வேர் இருக்கு, பென்டிரைவ்லயே எடுத்துட்டுப் போகலாம், எத்தன மணி நேரம் ஓடிருக்கு, ஹெல்த் எத்தன சதவீதம்னு காட்டிடும். பேரே தெரியாத கம்பெனி எஸ்எஸ்டி போட்டிருந்தா நல்ல பிராண்டா மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, பாடங்கள் எல்லாம் அதுலதான இருக்கப் போகுது.

இவ்ளோ சொல்லிட்டு, புதுசே வாங்க வேண்டியவங்களும் இருக்காங்கன்னு சொல்லலன்னா தப்பு. கடைக்கு அலைய முடியாத ஊர்ல இருக்கீங்க, வீட்டுல யாருக்கும் கம்ப்யூட்டர் பழக்கம் இல்ல, கெட்டுப் போனா கொண்டு போக ஆள் இல்லன்னா, ஒரு வருஷ வாரன்டியோட வர்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, அது நியாயமான விலை. ஆனா அதுக்கு பட்ஜெட்ட 35 ஆயிரம் பக்கம் கொண்டு போங்க, ஐ3-1215யு இல்லன்னா ரைசன் 3 7330யு, 8ஜிபி ரேம், ஒரு ஸ்லாட் காலி, நிஜமான எஸ்எஸ்டி, இது அமைஞ்சா அது 2018 மாடல் டி480ய விட வேகத்துல மேலதான், நான் செகண்ட்ஸ் பேச்சே எடுக்க மாட்டேன். 1215யுல ஆறு கோர் எட்டு த்ரெட் இருக்கு, ஐ3ன்னு எளக்காரமா நினைக்காதீங்க. சிக்கல் என்னன்னா 25க்கும் 35க்கும் நடுவுல இருக்கற அந்தப் பத்தாயிரம். அத வட்டிக்கு வாங்கிப் போடறதுக்கு, 20 ஆயிரத்துல நல்ல செகண்ட்ஸ் எடுத்துட்டு படிப்பு முடியறப்ப புதுசு பாத்துக்கலாம். 25க்கே புதுசுதான் வேணும்னு நின்னீங்கன்னா, குறைஞ்சபட்சம் 64ஜிபி, 128ஜிபி இஎம்எம்சி போட்டத எடுக்காதீங்க, என் தங்கச்சி பட்ட பாடு போதும்.

ஆப்பிள் பத்திக் கேப்பாங்க. 2017 மேக்புக் ஏர் 20 ஆயிரத்துக்கு வருதேன்னு. அது மான்டரேங்கற மேக் ஓஎஸ் வரைக்கும்தான் ஏறும், அந்த ஓஎஸ்ஸுக்கு இப்ப செக்யூரிட்டி அப்டேட் வர்றது இல்ல, வேண்டாம். ஆப்பிளோட எம்1 சிப் வந்த 2020 மாடல் அருமையான மெஷின், ஆனா அது இந்த பட்ஜெட்டுக்குள்ள வராது, வந்தா அதுல ஏதோ வில்லங்கம் இருக்கு, பழைய ஓனரோட ஐகிளவுட் லாக் (அவர் பாஸ்வேர்ட் இல்லாம மெஷினப் பயன்படுத்த முடியாது) பெரும்பாலும். கேம் ஆடணும்னு பையன் அடம் பிடிச்சா, 25க்குள்ள கேமிங் லேப்டாப் கெடையாதுன்னு பளிச்சுன்னு சொல்லிடுங்க, செகண்ட்ஸ் கேமிங் லேப்டாப் சூட்டுல வெந்து வந்துருக்கும்.

விலை பேசி முடிச்சதும் பில். சீரியல் நம்பர் எழுதின பில் இல்லாம காசு குடுக்காதீங்க. தனி ஆள்கிட்ட ஆன்லைன்ல பாத்து வாங்கறீங்கன்னா அவர் வாங்கின ஒரிஜினல் பில்லும், அவரோட ஐடி காப்பியும் கேளுங்க, தயங்கினா திரும்பிடுங்க, அட்வான்ஸ் எதுவும் ஜிபே பண்ணாதீங்க, நேர்ல பாத்து கையில வாங்கினதும்தான் காசு. கடைல "மூணு மாச வாரன்டி"ன்னு வாயால சொல்றத பில்லுல எழுதி வாங்குங்க, எதெதுக்கு வாரன்டின்னும் எழுதச் சொல்லுங்க, நிறைய எடத்துல பேட்டரியும் சார்ஜரும் அதுல வராது. அதோட "ஒரு வாரத்துக்குள்ள பிரச்சனைனா மாத்தித் தர்றோம்"னு ஒரு வரி எழுதி வாங்கிட்டீங்கன்னா அது பெரிய பாதுகாப்பு, அது ஏன்னு இப்ப சொல்றேன்.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே, கடைல போட்டுக் குடுத்த விண்டோஸ அழிச்சுட்டு புதுசா போடுங்க. மைக்ரோசாப்ட் சைட்லயே இலவசமா டவுன்லோட் பண்ணலாம், 8ஜிபி பென்டிரைவ் போதும். கம்பெனி லேப்டாப்ல பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ லைசன்ஸ் போர்டுலயே இருக்கும், நெட் குடுத்த ஒடனே தானா ஆக்டிவேட் ஆயிடும். கடைல போட்டுக் குடுக்கற க்ராக் விண்டோஸ், க்ராக் ஆபீஸ்ல என்னென்ன வைரஸ் உக்காந்திருக்குன்னு யாருக்குத் தெரியும், அதுல நம்ம பேங்க் பாஸ்வேர்ட் அடிக்கப் போறோம். புதுசா போடும்போது மறக்காம வைஃபைய கனெக்ட் பண்ணியே செட்டப் பண்ணுங்க. அப்ப ஏதோ ஒரு கம்பெனி பேரு வந்து "ஆபீஸ் மெயில் ஐடி போடுங்க"ன்னு கேட்டுச்சுன்னா, பழைய கம்பெனி அந்த மெஷின அவங்க லிஸ்ட்ல இருந்து இன்னும் எடுக்கலன்னு அர்த்தம். நெட் இல்லாம செட்டப் பண்ணா இது வராது, அதனாலதான் கடைல தெரியாது. என் நண்பர் ஒருத்தருக்கு இது நாலு மாசம் கழிச்சு விண்டோஸ ரீசெட் பண்ணப்பதான் தெரிஞ்சுது, அப்ப கடைக்காரர் கையை விரிச்சுட்டாரு. மொதல் ராத்திரியே பாத்துட்டீங்கன்னா அடுத்த நாள் காலைல பில்ல எடுத்துட்டுப் போயி வேற பீஸ் மாத்திட்டு வந்துடலாம்.